புது காருக்குள் கடகட சத்தம்: எதனால் வருகிறது, எப்படிப் பிடிப்பது?

கார் வந்து சில வாரம்கூட ஆகியிருக்காது. ரோடு கொஞ்சம் மோசமானால் போதும், டாஷ்போர்டுக்குள் எங்கோ ‘கடகட’ என்று ஒரு சத்தம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் தெரியாது. நிறுத்தியதும் அது மட்டும்தான் காதில் விழும். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு விடாது. வண்டி எப்படி ஓடுகிறது என்பதை மறந்துவிட்டு, அந்தச் சத்தம் இன்றைக்கும் வருகிறதா என்பதிலேயே மனம் போய் நிற்கும். தினமும் வண்டியில் போய் வருகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதைச் சரி செய்தே ஆக வேண்டும் என்று நினைப்பதில் தவறும் இல்லை.

இந்தச் சத்தங்களில் பெரும்பாலானவை மிகச் சின்னக் காரணத்தால் வருபவை. இடம் தெரிந்துவிட்டால் விரல் நீளத் துணி டேப்பிலேயே வேலை முடிந்துவிடும். இடம் தெரியாமல் பேனலைப் பிரித்தால் பழைய சத்தம் போகாது, புதிதாக இரண்டு சேரும். அதனால் இந்தக் கட்டுரையில் தேடும் முறையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

புது வண்டியில் ஏன்?

காரின் உட்புறம் நூற்றுக்கணக்கான துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. டாஷ்போர்டு, கூரையைத் தாங்கும் தூண்களை மூடும் உறைகள், கதவின் உள்பக்கப் பேனல், கூரைத் துணி, கன்சோல், ஏசி வென்ட், ஸ்பீக்கர் மூடி என எல்லாமே தனித்தனி அச்சில் வார்த்தவை. இவற்றில் பலவற்றுக்கு ஸ்க்ரூ கிடையாது. பிளாஸ்டிக் அல்லது உலோக கிளிப்பை ஓட்டையில் வைத்து அழுத்திப் பொருத்துகிறார்கள். கிளிப் முழுதாக உட்காராமல் போனாலோ, ஓட்டை மயிரிழை பெரிதாக இருந்தாலோ அந்த இடத்தில் ஆட்டம் இருக்கும். வண்டி பழசாகிப் போய் வரும் ஆட்டம் இல்லை இது. பொருத்தும்போதே உள்ளே உட்கார்ந்துவிட்ட ஆட்டம்.

இதோடு சூடும் குளிரும் சேர்கின்றன. ஒரு மீட்டர் நீள இரும்பு 30 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.36 மில்லிமீட்டர் நீளும். உட்புறத்தில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக் அதே சூட்டில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளும். அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் ஒரு அளவுக்கு நீள, மேலே இருக்கும் பிளாஸ்டிக் வேறொரு அளவுக்கு நீள்கிறது. இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுத்துத்தான் வடிவமைக்கிறார்கள். ஆனாலும் சில வண்டிகளில் காலைக் குளிரில் மட்டும் சத்தம் வந்து, மதியம் தானாகவே நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். வெயிலில் நின்ற வண்டியில் மட்டும் சத்தம் வருவதும் இப்படித்தான்.

இன்னொரு காரணம், இப்போது வரும் வண்டிகளின் அமைதி. எஞ்சின் சத்தமும் காற்றுச் சத்தமும் குறையக் குறைய, முன்பு அவற்றின் அடியில் மறைந்து கிடந்த சின்னச் சத்தங்கள் மேலே வந்துவிடுகின்றன. மின்சார கார்களில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் மறைப்பதற்கு எஞ்சினே இல்லை.

டயர் காற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் யார்டில் நிற்கும்போது டயரின் அடிப்பகுதி தட்டையாகாமல் இருக்க, புது வண்டிகளை அளவுக்கு அதிகமான காற்றோடு அனுப்புவது உண்டு. ஒப்படைக்கும் முன் அதைக் குறைக்க வேண்டும். சில சமயம் மறந்துவிடுகிறார்கள். அப்படி விறைப்பாக இருக்கும் டயர் ரோட்டின் ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே உள்ளே அனுப்பும். சில மாடல்களில் ஏற்றி அனுப்பும்போது சஸ்பென்ஷன் ஆடாமலிருக்க ஸ்பிரிங்குக்குள் தக்கைகள் வைப்பார்கள். அவற்றை எடுக்க மறந்தாலும் இதே கதைதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான காற்றழுத்தம் இருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். இதிலேயே பாதிச் சத்தம் அடங்கிப்போன வண்டிகள் உண்டு.

சத்தத்தின் குணம் பாதி விடை சொல்லும்

‘கடகட’, ‘டக் டக்’, ‘கிலுகிலு’ என்று வந்தால் இரண்டு கெட்டியான பொருள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நடுவில் இடைவெளி இருக்கிறது. மேடு பள்ளத்தில் வரும், வழவழப்பான சாலையில் வராது. தளர்ந்த கிளிப், கட்டப்படாத ஒயர் கொத்து, ஆடும் மூடி ஆகியவை இந்த வகை.

‘கீச் கீச்’, ‘கிறீச்’ என்று வந்தால் இடைவெளி இல்லை. இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி உரசுகின்றன. உரசும்போது அவை ஒரே சீராக நகர்வதில்லை. ஒட்டிக்கொள்ளும், இழுவை கூடும், சட்டென்று வழுக்கும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படி நடப்பதுதான் நம் காதில் கீச்சொலியாகக் கேட்கிறது. கதவு ரப்பர் கண்ணாடிச் சட்டத்தில் உரசுவது, லெதர் சீட்டின் ஓரம் கன்சோலில் தேய்வது, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசுவது எல்லாம் இந்த வகை. எந்தப் பொருள் எதோடு சேர்ந்தால் கீச்சிடும் என்பதைக் கார் நிறுவனங்கள் முன்கூட்டியே சோதிக்கின்றன. ஜெர்மன் வாகனத் தொழில் கூட்டமைப்பு இதற்கென்றே விடிஏ 230-206 என்ற சோதனை முறையை வகுத்திருக்கிறது. இதில் இரண்டு பொருள்களை உரசவிட்டு, சத்தம் வரும் ஆபத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள்.

மூன்றாவது, ‘நொய்ங்’ என்ற ரீங்காரம். மெல்லிய பேனலோ மூடியோ தனக்கே உரிய ஒரு வேகத்தில் அதிரும் குணம் உடையது. எஞ்சினின் அதிர்வு அந்த வேகத்தைத் தொட்டதும் பேனல் கூடவே பாட ஆரம்பிக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும்போது நொடிக்கு 25 முறை வெடிப்பு நடக்கிறது. மூன்று சிலிண்டரில் சுமார் 19 முறை. ஆகவே ரோடு எப்படி இருந்தாலும், எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுற்றைத் தொடும்போது மட்டும் சத்தம் வந்து, அதைத் தாண்டியதும் நின்றுவிட்டால் அது ரீங்காரம்தான். ரோட்டையோ ரப்பரையோ சந்தேகப்பட வேண்டாம். இதில் ஒரு வசதியும் உண்டு. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி எஞ்சினை மெல்ல முறுக்கினால் நின்ற இடத்திலேயே சத்தத்தை வரவழைக்கலாம். திறந்த இடத்தில் செய்யுங்கள், மூடிய கராஜில் வேண்டாம்.

காதை முழுதாக நம்பாதீர்கள்

‘சத்தம் நிச்சயமாக ஸ்டீரிங்குக்கு மேலேயிருந்துதான் வருகிறது’ என்று அடித்துச் சொல்வார்கள். கடைசியில் அது வலது பக்கத் தூணிலோ கூரை விளக்கிலோ இருக்கும். காரணம் நம் காது வேலை செய்யும் விதம். சத்தம் ஒரு காதை எட்டி மறு காதை எட்டுவதற்குள் இருக்கும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இடமா வலமா என்று சொல்ல இது போதும். முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்பதில் இதை வைத்து எளிதில் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் நேர் முன்னாலிருந்து வந்தாலும் நேர் பின்னாலிருந்து வந்தாலும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும்.

காருக்குள் கண்ணாடிகள் வேறு சத்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன. டாஷ்போர்டு ஓரத்தில் பிறக்கும் சத்தம் முன்கண்ணாடியில் பட்டு நேராக முகத்துக்கு வரும். அதிர்வு இரும்புச் சட்டத்தின் வழியாகப் பயணித்து, வேறெங்கோ இருக்கும் அகலமான பேனலை அதிரவைத்து அங்கிருந்து சத்தமாக வெளிப்படுவதும் உண்டு.

அதனால் காது சொல்வதைச் சந்தேகப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பைக் கை சொல்லட்டும்.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள்

க்ளோவ் பாக்ஸ், கதவுப் பைகள், கப் ஹோல்டர், மூக்குக் கண்ணாடி வைக்கும் பெட்டி, ஆர்ம்ரெஸ்டின் அடி, சீட்டுக்கு அடியில் என எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். சில்லறைக் காசு சீட் ரயிலில் விழுந்திருக்கும். சாவிக்கொத்து தொங்கும் வண்டி என்றால், மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சாவியோடு ஓட்டிப் பாருங்கள். டிக்கியில் ஜாக்கி, ஸ்பானர், ஸ்பேர் டயரைப் பிடித்திருக்கும் மரை, பார்சல் டிரே எல்லாவற்றையும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஹெட்ரெஸ்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். பின்சீட்டில் ஆளில்லாதபோது மட்டும். குழந்தை சீட் மாட்டியிருந்தால் அதன் கொக்கியும் பட்டையும்கூடச் சத்தம் போடும்.

பின்சீட்டு பெல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆள் உட்காராதபோது பெல்ட்டின் உலோக நாக்கு தூணின் பிளாஸ்டிக் உறைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது பிளாஸ்டிக்கைத் தட்டும். முன்னால் இருப்பவருக்கு அந்தச் சத்தம் பின்னால் கூரைக்குள்ளிருந்து வருவது போலவே கேட்கும். எல்லா பெல்ட்டுகளையும் மாட்டிவிட்டு அதே ரோட்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் தேடல் அங்கேயே முடிந்தது. இதே போல, மடக்கும் பின்சீட்டின் முதுகு பூட்டில் சரியாக விழாமல் ஆடிக்கொண்டிருக்கும். அதை நன்றாகத் தள்ளி ‘க்ளிக்’ என்று விழவைத்தாலே போதும்.

பிடிக்கும் முறை

சத்தம் கட்டாயம் வரும் ஒரு ரோட்டைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் அதே ரோடு, அதே வேகம். மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் போதும். ஏசி, ஆடியோ நிறுத்தம்; கண்ணாடிகள் ஏற்றியிருக்க வேண்டும். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். ஓட்டுகிறவர் ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் செய்யக் கூடாது. தேடுவது பக்கத்தில் இருப்பவர் வேலை. ஓட்டிக்கொண்டே டாஷ்போர்டைத் தட்டிப் பார்ப்பது விபத்தில் முடியும்.

தேடுபவர் உள்ளங்கையை ஒரு இடத்தில் அழுத்தமாக வைத்து, சில நொடி அப்படியே வைத்திருக்க வேண்டும். சத்தம் நின்றதா, மாறியதா, ஒன்றுமே ஆகவில்லையா என்று கவனிக்க வேண்டும். நின்றால் அந்தப் பேனலோ அதைத் தொட்டிருக்கும் பக்கத்துப் பேனலோதான் ஆள். சத்தத்தின் தொனி மட்டும் மாறினால் இடம் அருகில் இருக்கிறது. அவசரமாக இங்கொரு தட்டு அங்கொரு தட்டு தட்டினால் எதுவும் தெரியாது. முடிந்ததும் அவர் வேறு சீட்டுக்கு மாறிக் கேட்க வேண்டும். முன்சீட்டில் வலப்பக்கம் கேட்டது பின்சீட்டில் இடப்பக்கம் கேட்டால் கணக்கு மாறுகிறது.

சந்தேகம் ஒரு இணைப்பில் வந்து நின்றால், அந்த இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். கார்டு இடைவெளியை அடைத்ததும் சத்தம் நின்றால் நோயும் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. கார்டு போகாத இடத்தில் இணைப்பின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பார்க்கலாம். அதில் பசை குறைவு, உரித்தால் தடம் இருக்காது.

நின்ற இடத்திலேயே தேட ஆடியோ சிஸ்டம் உதவும். 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியைப் போனிலிருந்து ஓடவிட்டால், கதவுப் பேனலும் ஸ்பீக்கர் மூடியும் எந்த இடத்தில் அதிர்கின்றன என்பது தெரியும். சத்தத்தை மிதமாக வையுங்கள். ஸ்பீக்கர் கிழிய வேண்டாம்.

உதாரணத்துக்கு க்ளோவ் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். கை வைத்து அழுத்தினால் சத்தம் நிற்கிறது, எடுத்தால் வருகிறது. மூடியைத் திறந்து ஓரங்களைப் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு சின்ன ரப்பர் குமிழ்கள் இருக்கும். மூடி சாத்தும்போது அவை லேசாக அமுங்கி, மூடியைப் பூட்டுக்கு எதிராகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒன்று விழுந்துபோயிருக்கலாம், அல்லது மூடியை எட்டாமல் இருக்கலாம். திருகும் வகைக் குமிழ் என்றால் ஒரு சுற்று வெளியே திருகிவிடுங்கள். இல்லையென்றால் அதன் தலையில் மெல்லிய ஃபெல்ட் (கம்பளி போன்ற அழுத்தமான துணி) துண்டை ஒட்டுங்கள். பிறகு மூடியைச் சாத்தி, விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லை, ஆனால் மூடி சிரமமில்லாமல் திறக்கிறது என்றால் அளவு சரி. அங்கேயும் இல்லையென்றால், பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரின் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் மிதியை ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். குலுங்கும் ரோட்டில், பின்னால் வண்டி இல்லாதபோது, மிதியை லேசாகத் தொடுங்கள். சத்தம் உடனே நின்றால் அது உட்புறச் சத்தமே இல்லை. பிரேக் பேடு ஆடுகிறது. ஸ்டீரிங் திருப்பும்போது ‘டொக்’, சீட்டே அசைவது போன்ற உணர்வு, பிரேக் பிடித்தால் உலோகச் சத்தம் போன்றவற்றை டேப் ஒட்டிப் பார்க்க வேண்டாம். நேராக மெக்கானிக்கிடம் போக வேண்டியவை அவை.

சரி செய்யும்போது

மோதும் சத்தத்துக்குத் துணி டேப் அல்லது ஃபெல்ட். ஒயர் கொத்துகளைச் சுற்றக் கார் தொழிற்சாலைகளே பஞ்சு போன்ற பரப்புள்ள பாலியெஸ்டர் டேப்பைப் பயன்படுத்துகின்றன. டெஸா நிறுவனத்தின் 51608 அந்த வகை. சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம். சூட்டில் அதன் பசை உருகி வழியும், போதாததற்கு அதுவே கீச்சிடவும் செய்யும். ரீங்காரத்துக்குப் பேனலின் பின்பக்கம் மென்மையான ஃபோம் வைத்தால் அதிர்வு அடங்கும். ஈரத்தை உறிஞ்சாத ஃபோமாகப் பார்த்து வாங்குங்கள்.

கதவு ரப்பர் கீச்சிட்டால் முதலில் ரப்பரையும் அது படும் உலோகத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தூசிதான் பல சமயம் காரணம். அதிலும் போகவில்லை என்றால் ரப்பருக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி, எஞ்சின் ஆயில் இரண்டையும் தொடாதீர்கள். கதவுகளில் பெரும்பாலும் இருக்கும் ஈபிடிஎம் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஸ்ப்ரே என்றால் துணியில் அடித்துத் தடவுங்கள். நேராக அடித்தால் கண்ணாடியிலும் மிதிகளிலும் படிந்து வழுக்கும்.

எதிலும் திணிக்காதீர்கள். இடுக்கெல்லாம் ஸ்பாஞ்சை அமுக்கி அடைத்தால் பேனல் வெளியே தள்ளப்பட்டு அடுத்த கிளிப் தளரும்.

ஒரு எல்லையை மட்டும் தாண்டவே கூடாது. முன்கண்ணாடிக்கு இருபக்கமும் உள்ள தூண் உறைகள், கூரையின் பக்கவாட்டு ஓரங்கள், முன்சீட்டின் பக்கங்கள், டாஷ்போர்டில் பயணி பக்க மேற்பகுதி, ஸ்டீரிங் நடுப்பகுதி ஆகியவற்றில் ஏர்பேக் இருக்கலாம். அங்கே திணித்த ஃபெல்ட்டோ, தப்பாக மாட்டிய கிளிப்போ ஏர்பேக் விரியும் வழியை மறிக்கும், அல்லது துண்டாகப் பறந்து வரும். மஞ்சள் நிற இணைப்பானைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். பொதுவாக அது ஏர்பேக் வயர். இந்த இடங்களில் வரும் சத்தத்தை, எவ்வளவு சின்னதானாலும், சர்வீஸ் சென்டரிடமே விட வேண்டும். சில தூண் உறைகளின் கிளிப்பைக் கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதிதுதான் போட வேண்டும் என்று நிறுவனங்களே விதி வைத்திருக்கின்றன.

சர்வீஸ் சென்டரில்

வாரண்டி இருக்கும்போது பேனலைக் கழற்றும் வேலையை அவர்களிடம் கொடுப்பதே நல்லது. நீங்கள் தேடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். தாமதிக்கவும் வேண்டாம். இப்படிச் சத்தம் நீக்குவது போன்ற சரிக்கட்டும் வேலைகளுக்குச் சில நிறுவனங்கள் முழு வாரண்டியைவிடக் குறைந்த காலம்தான் தருகின்றன. வாரண்டிப் புத்தகத்தில் பாருங்கள்.

‘டாஷ்போர்டில் சத்தம்’ என்று மட்டும் சொன்னால் ‘நாங்கள் ஓட்டினோம், எதுவும் கேட்கவில்லை’ என்ற பதில் வரலாம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பட்டறைக்கு முன்னால் உள்ள ரோடு வழவழப்பாக இருந்தால் சத்தம் வராது. எந்த வேகம், எந்த மாதிரி ரோடு, எத்தனை பேர் இருந்தார்கள், வண்டி குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, எங்கே அழுத்தினால் நிற்கிறது என்பதை எழுதிக்கொண்டு போங்கள். கூட இருப்பவர் எடுத்த வீடியோ இருந்தால் நல்லது, ஆனால் போன் மைக்கில் மெல்லிய சத்தம் பதிவாகாமல் போவதுண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம். ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி போக நேர்ந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

டெக்னீஷியனோடு ஒருமுறை சேர்ந்து ஓட்டிக் காட்டுவது எல்லாவற்றையும்விடப் பயன் தரும். சத்தம் வந்த நொடியில் ‘இதுதான்’ என்று சொல்லி, கை வைத்து நிறுத்திக் காட்டுங்கள். குளிரில் மட்டும் வரும் சத்தம் என்றால் முந்தின நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில், யாரும் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்புங்கள்.